எல்லை காணச் செல்லும் மாணவர்கள்

"அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் விடுமுறை வந்தால் கூட்டங் கூட்டமாகப் புறப்பட்டு மெக்சிகோ எல்லைக்குப் போய், அங்கு குடியேற வருகிறவர்கள் படும் பாட்டை ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டு வருகிறார்களாமே, இதனால் யாருக்கு என்ன லாபம்? பிறர் துன்பத்தை வேடிக்கை பார்ப்பதற்கும் ஒரு யாத்திரையா?" என்று வாசகத் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டு எழுதியிருக்கின்றார். கேள்வி நியாயமான கேள்வியே ஆகும். யாத்திரை என்னும் பெயரால் நடக்கும் காரியங்களைப் பற்றி நமக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை என்பது நமது வாசகர்கள் அறிந்த சங்கதிதான். ஆனாலும் இந்த யாத்திரையைப் பற்றி நாம் அவ்விதம் சொல்லுவதற்கில்லை. ஏன் சொல்லுவதற்கில்லை என்பதைச் சற்று விரிவாகவே எழுத உத்தேசிக்கின்றோம்.

இப்பிரயாணங்கள் இன்று நேற்று ஏற்பட்டவையல்ல. அரிசோனா மாகாணத்திலுள்ள டூசான் நகரில், மாணவர்களையும் மற்றவர்களையும் எல்லைக்கு அழைத்துச் சென்று காட்டுவதற்கென்றே 1980களின் பிற்பகுதியில் ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தப்பட்டது. அதற்குப் பின்பு பல கல்லூரிகளும் சர்ச்சுகளும் இதைச் செய்து வந்திருக்கின்றன. டூசானிலிருந்து தெற்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால் நொகாலெஸ் என்னும் ஊர். ஒரே பெயரில் இரண்டு ஊர்கள். ஒன்று அமெரிக்காவுக்குச் சொந்தம், மற்றொன்று மெக்சிகோவுக்குச் சொந்தம். நடுவில் இரும்புத் தூண்களை வரிசையாக நட்டு எழுப்பிய ஒரு பெருவேலி. அந்தத் தூண்களின் இடைவெளியில் கையை நுழைத்து, அக்கரையிலுள்ள தாயின் விரலை இக்கரையிலுள்ள மகன் தொட்டுப் பேசிய காட்சியை அங்கு போனவர்கள் பலர் கண்டிருக்கிறார்கள்.

இந்த வேலியைக் கடவுள் போட்டாரா, இயற்கை போட்டதா என்றுதான் மாணவர்கள் முதலில் கேட்க வேண்டும். ஆறு ஓடவில்லை, மலை மறிக்கவில்லை; ஊர் நடுவே ஒரு தெரு. 1848ஆம் ஆண்டில் யுத்தத்தில் தோற்ற மெக்சிகோவிடமிருந்து அத்தேசத்தின் பாதிக்கு மேற்பட்ட நிலத்தை அமெரிக்கா எடுத்துக் கொண்டது. அதுவும் போதாமல் ரயில்பாதை போடுவதற்கு நல்ல இடம் வேண்டுமென்று 1853ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் ஒரு கோடி டாலர் கொடுத்து இன்னும் கொஞ்சம் நிலம் வாங்கினார்கள். டூசானும் அமெரிக்க நொகாலெஸ் இருக்கும் பூமியும் அந்த விலைக்கு வந்தவை. அங்கு ஆதியிலிருந்தே வாழ்ந்த தொஹோனோ ஓதம் என்னும் ஜாதியாரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் பொழுது விடிந்தபோது அவர்களில் ஒரு பகுதியார் ஒரு தேசத்தில் இருப்பவர்களாகவும், மற்றவர்கள் வேறொரு தேசத்தில் இருப்பவர்களாகவும் ஆகிவிட்டார்கள். மனிதன் எல்லையைத் தாண்டினான் என்கிறார்களே, இவர்கள் விஷயத்தில் எல்லையல்லவா மனிதனைத் தாண்டிப் போயிருக்கிறது!

வெகுகாலம் வரையில் அந்தக் கோட்டில் ஜனங்கள் இங்குமங்கும் தாராளமாகப் போய்வந்து கொண்டுதான் இருந்தார்கள். அதைக் காவல் காக்க வேண்டுமென்ற எண்ணம் முதலில் யாருக்காக உண்டாயிற்று என்று பார்த்தால் மெக்சிகோக்காரனுக்காக அல்ல. அமெரிக்காவுக்கு ரயில்பாதை போட்டுக் கொடுத்த சீனக் கூலிகளை இனி உள்ளே விடக்கூடாதென்று 1882ஆம் ஆண்டில் சட்டம் செய்தார்கள். கப்பலில் வரமுடியாத சீனன் மெக்சிகோ வழியாக வந்துவிடுவான் என்றே அங்கு காவலர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1917இல் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும் பகுதிக்குக் கதவடைத்தார்கள். எல்லைப் போலீசு என்று தனிப் படை ஒன்று ஏற்பட்டது 1924ஆம் ஆண்டில்தான்.

அந்த 1917ஆம் வருஷத்திலேயே எல் பாசோ என்னும் மற்றோர் எல்லை நகரில் நடந்ததை நமது வாசகர்கள் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டும். மெக்சிகோவிலிருந்து பாலத்தைக் கடந்து வெள்ளையர் வீடுகளுக்கு வேலைக்கு வரும் ஏழை ஆண்களையும் பெண்களையும், பேன் இருக்கிறது, விஷக்காய்ச்சல் வரும் என்று சொல்லி, உடைகளைக் களையச் செய்து, மண்ணெண்ணெய் முதலியவற்றைப் பூசிக் குளிக்கவைத்த பிறகே உள்ளே விட்டார்கள். அவர்கள் சமைத்த சோற்றை உண்ணலாம். அவர்கள் வெளுத்த துணியை உடுத்தலாம். அவர்கள் மடியில் பிள்ளையைக் கொடுக்கலாம். ஆனால் அவர்கள் பாலத்தைத் தாண்டினால் மாத்திரம் தீட்டு! இந்தத் தர்க்கத்தை நாம் வேறு எங்கேனும் கேட்டிருக்கின்றோமா என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும். அவ்வருஷம் ஜனவரி 28ந் தேதி கார்மெலிட்டா டோர்ரஸ் என்ற பதினேழு வயது வேலைக்காரப் பெண் "நான் குளிக்க மாட்டேன்" என்று மறுத்து நின்றாள். அவளோடு டிராம் வண்டியில் வந்த பெண்களும் மறுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டம் பெருகிப் பாலமே அடைபட்டுப் போயிற்று. வழக்கம் அதனால் நின்றுவிடவில்லை. பின்னும் பல வருஷங்கள் நடந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணின் சுயமரியாதைக்கு முன்னால் பட்டாளம் கொஞ்சம் திகைத்து நின்றது என்பது சரித்திரம்.

நம்மவர்கள் அந்நாளில் என்ன செய்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கப் பட்டாளத்திலே சேவை செய்த பஞ்சாபியரான பகத்சிங் திந்த் என்பவர் பிரஜா உரிமை கேட்டு வழக்காடினார். வெள்ளையனுக்குத்தான் உரிமை என்று சட்டம் இருந்தது. "மனிதனுக்கு உரிமை கொடு" என்று கேட்க வேண்டிய இடத்தில், அவர் தரப்பார் "நாங்கள் உயர்ந்த ஜாதி, ஆரிய ரத்தம், கீழ் ஜாதியாரோடு கலக்காதவர்கள், நீங்கள் நீக்ரோவை நினைப்பதுபோலத்தான் நாங்களும் அவர்களை நினைக்கிறோம்" என்னும் பொருள்பட வாதாடினார்கள். 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தலைமைக் கோர்ட்டு, உன் ஆரியம் எப்படியானாலும் சரி, சாதாரண வெள்ளைக்காரன் உன்னை வெள்ளையன் என்று ஒப்புக்கொள்ள மாட்டான் என்று சொல்லி அனுப்பிவிட்டது. அதன் பேரில் ஏற்கெனவே உரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலருக்கும் அது பறிபோயிற்று. ஏழு கடல் தாண்டிப் போயும் ஜாதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனவர்களுக்குக் கிடைத்த மரியாதை இது!

நிற்க, மாணவர்கள் நொகாலெஸ் எல்லைச் சாவடியில் நின்றுகொண்டு பார்க்கத்தக்க ஒரு காட்சி இருக்கிறது. குளிர்காலத்தில் மெக்சிகோவில் விளையும் தக்காளி, வெள்ளரி, மிளகாய் இவற்றை ஏற்றிய லாரிகள் வரிசை வரிசையாக அந்தச் சாவடி வழியே உள்ளே போகின்றன. தக்காளிக்குத் தடையில்லை. அதைப் பறித்தவன் பின்னால் வந்தால் விலங்கு. 1994ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையே தாராள வியாபார ஒப்பந்தம் அமுலுக்கு வந்தது. அமெரிக்க சர்க்காரின் உதவிப் பணத்தில் விளைந்த மலிவான மக்காச்சோளம் மெக்சிகோவில் வந்து குவிந்தது. அங்கே கையகல நிலத்தில் சோளம் போட்டுப் பிழைத்த குடியானவர்கள் லட்சக்கணக்கில் நிலத்தை விட்டுக் கிளம்பினார்கள். பண்டங்களுக்குக் கதவைத் திறந்த அதே வருஷத்தில்தான் மனிதர்களுக்குக் கதவை இறுக மூடும் புதுத் திட்டமும் போடப்பட்டது. அமெரிக்க வயல்களில் பயிர்வேலை செய்யும் கூலியாட்களில் நூற்றுக்குச் சுமார் நாற்பது பேர் அனுமதிச் சீட்டு இல்லாதவர்கள் என்பது அந்த சர்க்காரே எடுத்த கணக்கு. ஆகவே அவர்களுடைய கை வேண்டும், அவர்கள் வேண்டாம். கை தனியாகவும் ஆள் தனியாகவும் வருவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தால் அந்த தேசத்து முதலாளிகள் மிகவும் சந்தோஷப்படுவார்கள் போலும்.

அந்தப் புதுத் திட்டம் யாதெனில், ஜனங்கள் சுலபமாகத் தாண்டக்கூடிய ஊர்ப்புறங்களில் எல்லாம் வேலியும் போலீசும் போட்டு அடைத்துவிடுவது. அடைத்துவிட்டால் வருகிறவர்கள் பாலைவனத்துக்கும் மலைக்கும் தள்ளப்படுவார்கள். அதன் கொடுமைக்குப் பயந்து வராமலே நின்றுவிடுவார்கள் என்பதாகும். இது நாமாகக் கற்பித்துச் சொல்வதல்ல. 1994ஆம் ஆண்டு எல்லைப் போலீசார் எழுதிய திட்டத்திலேயே இந்தக் கருத்து இருக்கிறது. ஜனங்கள் நிற்கவில்லை. பசி வேலியைவிடப் பெரிது என்பது திட்டம் போட்டவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் போட்டார்கள். கோடையில் 42, 43 டிகிரி வெய்யில் காயும் சொனோரா பாலைவனத்தில், வெளிச்சம் பட்டு மின்னாமலிருக்கக் கறுப்பு நிறத்தில் செய்த தண்ணீர்க் குடுவையையும், காலடித் தடம் தெரியாதிருக்கக் கம்பளித் துண்டு தைத்த செருப்பையும் போட்டுக்கொண்டு, இரவு இரவாக நடந்தார்கள். 2000ஆம் ஆண்டு முதல் தெற்கு அரிசோனாவில் மாத்திரம் 3,000க்கு மேற்பட்டவர்களின் பிரேதங்களும் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இன்னாருடையது என்று தெரியவில்லை. டூசானிலுள்ள பிமா ஜில்லா பிரேத பரிசோதனை ஆபீசில் இவர்களுடைய சீப்பு, ஜெபமாலை, டெலிபோன் நம்பர் எழுதிய காகிதத் துண்டு முதலியவற்றைப் பைகளில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எல்லை காணப் போகும் மாணவர்கள் சிலர் இந்த ஆபீசுக்கும் போகிறார்கள். 2019ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அங்கே லூக்வில் என்ற இடத்துக்கு அருகே கிடந்த ஒரு பிரேதம் பஞ்சாபிலிருந்து போன ஆறு வயதுப் பெண் குழந்தையுடையது. குழந்தையைக் கூட வந்தவர்களிடம் விட்டுவிட்டுத் தாய் தண்ணீர் தேடிப் போயிருந்தாள்.

தண்ணீர் என்றதும் நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகின்றோம்.

இப்படி ஜனங்கள் தாகத்தால் சாகிறார்களே என்று சில நல்லவர்கள் பாலைவனத்தில் ஆங்காங்கே தண்ணீர்க் குடுவைகளைக் கொண்டுபோய் வைத்தார்கள். 2017ஆம் ஆண்டில் ஒரு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தண்ணீரும் பயறு டப்பாக்களும் வைத்த நான்கு பெண்கள் மீது, அனுமதியில்லாமல் நுழைந்தார்கள், சாமான்களைப் போட்டுவிட்டுப் போனார்கள் என்று சர்க்கார் வழக்குத் தொடர்ந்து, 2019 ஜனவரியில் அவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. புவியியல் ஆசிரியரான ஸ்காட் வாரன் என்பவர் அஹோ என்னும் ஊரில் இரண்டு பேருக்குச் சோறும் தண்ணீரும் படுக்க இடமும் கொடுத்தாரென்று, இருபது வருஷம் வரை சிறைக்குப் போகும்படியான குற்றம் சாட்டினார்கள். முதல் விசாரணையில் ஜூரிகள் ஒத்துவரவில்லை. 2019 நவம்பரில் இரண்டாவது ஜூரி அவரை விடுதலை செய்தது. ஆனால் தண்ணீர்க் குடுவையைக் காட்டில் விட்டுச் சென்ற சிறு குற்றம் ஒன்று தனியாக இருந்ததே, அதிலிருந்து அவரை விடுவித்தது எது? மதச் சுதந்திரத்தைக் காப்பாற்ற 1993ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சட்டம்! நான்கு பெண்களின் தண்டனையும் 2020 பிப்ரவரியில் அதே சட்டத்தின் பேரில்தான் ரத்தாயிற்று. தண்ணீர் வைப்பது அவர்களது ஆன்மிக நம்பிக்கை, அதைத் தடுக்கக்கூடாது என்பது தீர்ப்பு.

விடுதலையானதில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் இந்தத் தீர்ப்பைச் சற்றுத் திருப்பிப் பார்க்க வேண்டாமா? "ஒருவன் தாகத்தால் சாகிறான், ஆகையால் தண்ணீர் வைத்தேன்" என்று சொன்னால் போதாது. "என் ஆத்மா சொல்லிற்று, ஆகையால் வைத்தேன்" என்று சொன்னால்தான் தப்பலாம். ஆத்மா, மோட்சம் என்பவற்றில் நம்பிக்கையில்லாத, வெறும் மனிதனாயிருக்கிற ஒருவன் அதே குடுவையை அதே இடத்தில் வைத்தால் அவன் கதி என்ன? செத்துக்கொண்டிருப்பவனுக்காகச் சட்டம் வளையவில்லை; காப்பாற்றுகிறவனின் பக்திக்காகவே வளைந்தது. மனிதனுடைய தாகத்தை ஒரு காரணமாக ஒப்புக்கொள்ளக் கூசுகிற ஒரு சட்டத்தைக் கடவுளைக் காட்டித்தான் ஏமாற்ற வேண்டியிருக்கிறதென்றால், அது அந்தக் கடவுளுக்கும் பெருமையில்லை, சட்டத்துக்கும் பெருமையில்லை.

இதை எழுதும்போதே யோக்கியமாக மற்றொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியவர்களாயிருக்கின்றோம். அந்த எல்லையில் பெரும்பாலும் முன்நின்று உழைத்தவர்கள் சர்ச்சுக்காரர்களே. 1982இல் சால்வடார், குவாடமாலா தேசங்களிலிருந்து கொலைக்குப் பயந்து ஓடிவந்தவர்களுக்கு டூசானில் ஜான் ஃபைஃப் என்னும் பாதிரியார் தமது சர்ச்சில் பகிரங்கமாக இடங்கொடுத்து, 1986இல் தண்டனையும் பெற்றார். அந்த வழக்கில் மத நம்பிக்கையைப் பற்றிப் பேசவே நீதிபதி விடவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பாதிரி கொடுத்த தண்ணீர் பகுத்தறிவுக்காரனுக்குக் கசக்காது. பகுத்தறிவுக்காரர்கள் கொண்டுபோய் வைத்த குடுவைகள் எத்தனை என்று யாராவது திருப்பிக் கேட்டால் சொல்வதற்கு நமக்கும் பதில் வேண்டும்.

சரி, "வீடென்றால் கதவு வேண்டாமா? கண்டவனெல்லாம் நுழையலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கதவு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தட்டுகிறவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கவாவது வேண்டுமா இல்லையா என்றுதான் கேட்கின்றோம். டூசான் கோர்ட்டில் 2008ஆம் வருஷம் முதல் நடந்த விசாரணைகளை அங்கு சென்ற மாணவர்கள் பலர் நேரில் பார்த்தார்கள். ஒரு நாளில் 70 பேர் வரை கை, கால், இடுப்பு மூன்றிலும் சங்கிலியோடு கொண்டுவந்து நிறுத்தி, கூட்டமாகக் கேள்வி கேட்டு, கூட்டமாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்து, ஒரு பிற்பகலில் முடித்து அனுப்பினார்கள். ஆளுக்குச் சில நிமிஷங்களுக்கு மேல் விழுந்திருக்காது. ஆட்டுச் சந்தையிலாவது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்!

நம் இனத்தவர் ஒருவர் கதையையும் கேளுங்கள். இலங்கையிலிருந்து போன தமிழ்க் குடியானவர் ஒருவர், தம்மைச் சிலர் கடத்திக்கொண்டு போய் அடித்து நொறுக்கினார்கள் என்று சொல்லி, 2017ஆம் ஆண்டில் மெக்சிகோ வழியாக கலிபோர்னியா எல்லையைத் தாண்டினார். 25 கஜ தூரத்தில் பிடிபட்டார். அடித்தவர்கள் யார், எதற்காக அடித்தார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லையென்று அதிகாரிகள் அவரது மனுவைத் தள்ளினார்கள். அதைக் கோர்ட்டு மறுபடி ஆராய வேண்டுமென்று அவர் கேட்டதற்கு, 2020 ஜூன் 25ந் தேதி அமெரிக்கத் தலைமைக் கோர்ட்டு ஏழு பேருக்கு இரண்டு பேர் என்ற கணக்கில், அப்படிக் கேட்க அவருக்கு உரிமையில்லை என்று சொல்லிற்று. அவர் 25 கஜம் உள்ளே வந்திருந்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு இன்னும் வாசற்படியிலேயே நிற்பவர்தானாம்! ஊருக்குள்ளேயே பிறந்து வளர்ந்து ஊருக்குப் புறம்பானவனாக நிறுத்தப்பட்ட சேரிக்காரனுக்கு இந்த வேதாந்தம் புதிதல்ல. 2025 ஜனவரி 20ந் தேதி புது ஜனாதிபதி பதவியேற்ற அன்றே, அடைக்கலம் கேட்கும் வழியையே அந்த எல்லையில் உத்தரவு போட்டு அடைத்தார். மாதக்கணக்கில் காத்து முறைப்படி தேதி வாங்கியிருந்தவர்களின் தேதிகளெல்லாம் ஒரே நாளில் ரத்தாயின. அடுத்த மாதம் 5ந் தேதி கையிலும் காலிலும் விலங்கு போட்ட 104 இந்தியர்கள் பட்டாள விமானத்தில் அமிர்தசரசில் வந்து இறங்கினார்கள்.

இனி நமது வாசகத் தோழரின் கேள்விக்கு வருவோம். இந்தப் பிரயாணத்தினால் என்ன லாபம் என்றால், பார்த்துவிட்டுக் கண்ணீர் விட்டுத் திரும்புகிறவனுக்கு ஒரு லாபமும் இல்லை. காசியில் மூழ்கி எழுந்தவனைப்போல மனம் குளிர்ந்து போவதோடு சரி. ஆனால் வீட்டுக்கு வந்து, தன் சாப்பாட்டு மேஜையிலிருக்கும் தக்காளி யார் பறித்தது, தன் ஓட்டு வாங்கிப் போனவன் எந்தச் சட்டத்துக்குக் கை தூக்கினான், தன் வரிப்பணம் எத்தனை இரும்புத் தூணாயிற்று என்று கணக்குக் கேட்கத் தொடங்குகிற மாணவன் ஒருவன் கிடைத்தால், நூறு பேர் போன செலவும் தகும்.

இதில் மற்றொரு விசேஷமும் உண்டு. அதே கல்லூரியில், அதே வகுப்பில், இந்தப் பிரயாணத்துக்கு வரமுடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். குழந்தையாயிருக்கும்போதே பெற்றோர் தூக்கிக்கொண்டு வந்துவிட்ட, அனுமதிச் சீட்டில்லாத பிள்ளைகள். நொகாலெசிலிருந்து டூசானுக்குத் திரும்பும் ரஸ்தாவில் எல்லைப் போலீசின் சாவடி இருக்கிறது. நீ எந்த தேசத்தவன் என்று கேட்டால் அவர்கள் என்ன சொல்லுவார்கள்? ஆகையால் தோழர்கள் படிக்கப் போகும்போது இவர்கள் விடுதியிலேயே தங்கிவிடுகிறார்கள். பாடத்தைப் பிறப்பிலிருந்தே படித்துவிட்டவர்களுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு! வண்டியேறிப் போகிற மாணவர்கள், போவதற்கு முன்னால் அந்த அடுத்த அறைத் தோழனிடம் ஒருமணி நேரம் உட்கார்ந்து பேசினால், பாலைவனத்தில் ஒருவாரம் நடந்து தெரிந்து கொள்வதில் பாதியைத் தெரிந்து கொள்ளலாம். ஆனால் பேசுவதா வேண்டாமா என்பதை அவன்தான் தீர்மானிக்க வேண்டும். அவனைக் காட்சிப் பொருளாக்க நாம் சொல்லவில்லை.

கடைசியாக நம் நாட்டு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அரிசோனாவுக்குப் போக உங்களுக்குப் பணமும் இல்லை, விசாவும் கிடைக்காது. வருஷந்தோறும் நமது கல்லூரிகளிலிருந்து இராமேசுவரத்துக்கு உல்லாசப் பிரயாணம் போகிறீர்கள். பாம்பன் பாலத்துக்கு முன்னால் மண்டபம் முகாம் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டு போகப்பட்ட நம் ஏழைகளைத் தொற்றுநோயின் பெயரால் தடுத்து வைத்து அனுப்பிய இடம் அது. 1964ஆம் ஆண்டு சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்திற்குப் பிறகு, அவர்களுடைய பேரப்பிள்ளைகளை "இனி நீ வேண்டாம்" என்று திருப்பி அனுப்பியபோது வந்து தங்கியதும் அங்கேதான். 1983க்குப் பின் உயிருக்குப் பயந்து ஓடிவந்த ஈழத்தமிழரை வைத்ததும் அங்கேதான். அப்படி வந்தவர்களும் இங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளும் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் பல்லாயிரக்கணக்கில் வசிக்கிறார்கள். 2021இல் தமிழக சர்க்கார் அகதி என்ற சொல்லை எடுத்து மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றிற்று. ஆனால் 2019ஆம் ஆண்டு மத்திய சர்க்கார் செய்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று தேசங்களின் பெயர் இருக்கிறது, ஆறு மதங்களின் பெயர் இருக்கிறது, இலங்கையின் பெயர் இல்லை.

ரயில் மண்டபத்தைத் தாண்டும்போது கோபுரம் தெரிகிறதா என்று கிழக்கே எட்டிப் பார்க்கிற பிள்ளைகளே, அந்த முகாமைப் பார்க்கவும், அங்குள்ளவர்கள் இசைந்தால் அவர்களோடு பேசவும் அனுமதி கேட்டு உங்கள் கல்லூரித் தலைவர் மூலமாக ஜில்லா கலெக்டருக்கு ஒரு மனு எழுதிப் போடுங்கள். கிடைக்கும் பதில் எதுவானாலும் சரி, அதை நமக்கு அனுப்பினால் இப்பத்திரிகையில் பிரசுரிக்கத் தயாராயிருக்கின்றோம்.